இரு கரைக்கும் சொந்தக்காரர்கள்

கோபம் இரண்டு மன்னர்களுக்கு. வெட்டுப்பட்டது ஒரு மரம். 1188 ஆகஸ்டில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் பிலிப், ஜிசோர் என்ற ஊருக்கு வெளியே நின்றிருந்த வயதான எல்ம் மரத்தைச் சாய்த்துவிடும்படி உத்தரவிட்டார். பிரான்ஸ் மன்னர்களும் நார்மண்டி டியூக்குகளும் தலைமுறைகளாகச் சந்தித்துப் பேசிய இடம் அந்த மரத்தடி. அதே வருடம் ஜனவரியில்தான் பிலிப்பும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியும் அங்கே கூடி, ஜெருசலேம் பறிபோன செய்தி கேட்டு, சேர்ந்து சிலுவைப் போருக்குப் புறப்படுவதாக உறுதி எடுத்திருந்தார்கள். பிரெஞ்சு வீரர்களுக்குச் சிவப்புச் சிலுவை, ஹென்றியின் ஆட்களுக்கு வெள்ளை, ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்குப் பச்சை என்று நிறம்கூடப் பிரித்தாகிவிட்டது. ஏழே மாதத்தில் எல்லாம் தலைகீழ். ஆகஸ்ட் சந்திப்பில் ஹென்றியின் ஆட்கள் நிழலைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வெந்த பிரெஞ்சுக்காரர்களைக் கேலி செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பேச்சு முறிந்ததும் கோடரி வந்தது. இனி இங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒரு மரம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று? அது எல்லையில் நின்ற மரம். அந்த எல்லையின் குணமே வேறு.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். 1066ல் நார்மண்டி டியூக் வில்லியம் கடல் கடந்து சென்று இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு பெரும்பாலான காலம் இங்கிலாந்து மன்னரும் நார்மண்டி டியூக்கும் ஒரே ஆள். இங்கிலாந்தில் அவர் யாருக்கும் கட்டுப்படாத அரசர். நார்மண்டியிலோ, ஏட்டளவிலாவது, பிரான்ஸ் மன்னருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர். ஜிசோர் மரத்தடியில் சந்தித்த இருவரும் சமமானவர்களா, எஜமானும் ஊழியருமா என்ற கேள்விக்கு எந்த நாளும் ஒரே பதில் இருந்ததில்லை. அன்றைய தேதிக்கு யார் பலசாலி என்பதைப் பொறுத்து பதில் மாறியது.

நார்மன்கள் முதலில் வந்தது கொள்ளையடிக்க. வடக்கேயிருந்து கப்பலில் வந்து சேன் நதிக்கரை மடாலயங்களைச் சூறையாடிய ஸ்காண்டிநேவியர்கள் அவர்கள். 'வடக்கத்தியர்' என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். 911ல் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ், அவர்களின் தலைவன் ரோலோவை எப்ட் என்ற சிறு நதியின் கரையில் சென் கிளேர் கிராமத்தில் சந்தித்து, நதிக்கு மேற்கே நிலம் கொடுத்து சமாதானம் செய்துகொண்டதாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. மன்னரின் பாதத்தை முத்தமிட மறுத்த ரோலோ, தன் வீரன் ஒருவனை அனுப்ப, அவன் குனியாமல் மன்னரின் காலைத் தன் வாய் உயரத்துக்குத் தூக்க, சார்ல்ஸ் மல்லாக்க விழுந்தார் என்ற பிரசித்தமான கதையும் இங்கிருந்துதான் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஒப்பந்தத்துக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. கதையைச் சொன்ன துதோ என்ற பாதிரியார் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, நார்மண்டி டியூக்குகளின் ஆதரவில் எழுதியவர். அவர் கதையில் மன்னர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம்பகமான முதல் சாட்சி 918ஆம் வருடத்து அரச சாசனம் ஒன்று. ஒரு மடாலயத்தின் சொத்துக்களைப் பாரீசிலுள்ள சென் ஜெர்மேன் மடத்துக்கு எழுதிக் கொடுக்கும் சார்ல்ஸ், 'சேன் நதி நார்மன்களுக்கு', அதாவது ரோலோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும், நாட்டின் பாதுகாப்புக்காக ஏற்கனவே கொடுத்துவிட்ட பகுதி நீங்கலாக என்று ஒரு வரி சேர்க்கிறார். நார்மண்டியின் எல்லை வரலாற்றில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இப்படித்தான்: ஒரு மடத்துச் சொத்தைக் குறுக்கே வெட்டும் விதிவிலக்காக.

எப்ட் பெரிய நதியல்ல. நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓடி சேனில் கலக்கிறது. கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ழிவெர்னி கிராமம். ஓவியர் மோனே அல்லிக்குளம் வெட்டியதும், இதே நதியின் கிளை ஓடையிலிருந்து அதற்குத் தண்ணீர் திருப்பியதும் அங்கேதான். இன்றைக்கும் நார்மண்டி மாநிலத்தையும் பாரீஸைச் சுற்றிய மாநிலத்தையும் அதன் போக்கில் ஒரு பகுதிக்கு எப்ட்தான் பிரிக்கிறது. ஆயிரத்து நூறு வருடம் பிழைத்த எல்லைகள் ஐரோப்பாவில் அதிகமில்லை.

ஆனால் அந்த நதி எதைப் பிரித்தது என்று பார்த்தால் குழப்பம்தான் மிச்சம். வெக்ஸான் என்ற பழைய வட்டாரத்தின் நடுவே அது ஓடுகிறது. மேற்குக் கரை நார்மன் வெக்ஸான், கிழக்குக் கரை பிரெஞ்சு வெக்ஸான். ஆனால் இரண்டுக்கும் ஆன்மிகத் தலைவர் ஒருவரே: நார்மண்டியின் தலைநகரான ருவானில் உட்கார்ந்திருந்த பேராயர். பாரீசுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பொன்த்துவாஸ் ஊரின் சர்ச் விவகாரங்கள்கூட ருவானுக்குத்தான் போக வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி வரை அந்த ஏற்பாடு மாறவில்லை. வரி ஒரு பக்கம், ஜபம் இன்னொரு பக்கம்.

பிரபுக்கள் இன்னும் மோசம். மெலான் பிரபுக்களின் தலைமையிடம் பிரெஞ்சு வெக்ஸானில். அவர்களின் பொமோன் கோட்டை நார்மண்டியில். 1066க்குப் பிறகு இங்கிலாந்திலும் ஏராளமான நிலம். அந்தக் குடும்பத்தில் 1104ல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. தந்தை ராபர்ட் 1118ல் இறந்தபோது சொத்து கடலை நடுவில் வைத்துப் பாகம் பிரிக்கப்பட்டது. வாலரனுக்கு பிரெஞ்சு, நார்மன் நிலங்கள். தம்பி ராபர்ட்டுக்கு இங்கிலாந்தில் லெஸ்டர். வாலரன் ஒரே சமயத்தில் பிரான்ஸ் மன்னருக்கும் நார்மண்டி டியூக்குக்கும் ஆள். அதை யாரும் துரோகம் என்று நினைக்கவில்லை. எந்த நிலத்துக்கு யாரிடம் விசுவாசப் பிரமாணம் செய்தாரோ, அந்த நிலத்தின் அளவுக்கு அவர் அவருடைய ஆள். அவ்வளவுதான்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. மோன்ஃபோர் பிரபு சீமோனுக்கு நார்மண்டியில் எவ்ரூவும், பாரீசுக்குத் தெற்கே மோன்ஃபோர், ரோஷ்ஃபோர், எபெர்னோன் கோட்டைகளும் இருந்தன. 1159ல் அவர் தன் பிரெஞ்சுக் கோட்டைகளை ஹென்றியிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரே நாளில் பாரீசுக்கும் ஓர்லியானுக்கும் இடையே பிரான்ஸ் மன்னர் நிம்மதியாகப் பயணம் செய்ய முடியாமல் போயிற்று. எல்லை அதே இடத்தில்தான் இருந்தது. மனிதர் மட்டும் நகர்ந்தார்.

அன்றைய லத்தீன் ஆவணங்கள் இந்த மாதிரி இடத்துக்கு வைத்த பெயர் 'மார்க்கா'. ஆங்கிலத்தில் அது 'மார்ச்' ஆயிற்று. மார்க்விஸ் என்ற பட்டமும் அதன் வாரிசுதான். நம் 'எல்லை' என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்ணில் தெரிவது ஒரு கோடு. அல்லது கோட்டில் நட்ட கல். மார்க்கா கோடு அல்ல. அகலமான ஒரு பட்டை. இங்கே யாருடைய ஆணை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். சந்திப்பதற்கான இடமும் அதுதான். நார்மண்டி டியூக், பிரான்ஸ் மன்னருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைப் பாரீஸ் போய்ச் செய்வதில்லை. 'மார்க்கா'வில் வைத்துத்தான் செய்வார். இருவரும் பாதித் தூரம் வந்ததாகக் கணக்கு. வருங்கால இரண்டாம் ஹென்றி, இளைஞராக, 1151ல் பாரீசுக்கே போய்ப் பணிந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி.

1109ல் ஜிசோர் கோட்டை யாருக்கு என்று முதலாம் ஹென்றியும் பிரான்ஸின் ஆறாம் லூயியும் எப்ட் நதியின் இரு கரைகளிலும் படையுடன் வந்து நின்றார்கள். நடுவில் நோஃப்ல் கிராமத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மரப்பாலம். லூயி தனிப்போருக்கு அழைத்தார். ஹென்றி அசையவில்லை. அந்த ஆடும் பாலத்தின் மேலேயே மன்னர்கள் இருவரும் மோதட்டும் என்று வீரர்கள் கிண்டலடித்ததை, லூயியின் சரித்திரத்தை எழுதிய துறவி சூழேர் பதிவு செய்திருக்கிறார். போர் முனையில் இதற்கு மேல் நல்ல நகைச்சுவை கிடைப்பது அபூர்வம்.

இதையெல்லாம் வைத்து அந்தக் காலத்தைச் சமரசப் பூங்கா என்று நினைத்துவிடக் கூடாது. மன்னர்களுக்கு விளையாட்டாக இருந்தது, எல்லைப்புறத்துக் குடியானவனுக்கு வைக்கோல்போரில் வைத்த தீ. இங்கிலாந்தை வென்ற வில்லியமே 1087ல் பிரெஞ்சு வெக்ஸானுக்குள் புகுந்து மான்த் நகரத்தைக் கொளுத்தினார். சர்ச்சுகளும் எரிந்தன, உள்ளே தவமிருந்த இரண்டு துறவிகளும் சேர்ந்து எரிந்தார்கள். அங்கே விழுந்த அடியோ நோயோ, அதிலிருந்து வில்லியம் எழுந்திருக்கவில்லை. செப்டம்பர் 9 அன்று ருவானில் இறந்தார். ஒரு ராஜ்யத்தையே பிடித்தவரின் உயிரை ஒரு எல்லைச் சில்லறைச் சண்டை வாங்கியது.

பிரபுக்களுக்கோ அதே சண்டையில் உயிராபத்து குறைவு. 1119 ஆகஸ்டில் பிரெமூல் சமவெளியில் ஹென்றியும் லூயியும் நேருக்கு நேர் மோதினார்கள். சுமார் 900 குதிரை வீரர்களில் இறந்தவர்கள் மூன்றே பேர் என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி. இரும்புக் கவசம் ஒரு காரணம். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் கொல்வதைவிடப் பிடிப்பதையே விரும்பினார்கள் என்பது இன்னொரு காரணம். பிடித்தால் மீட்புப் பணமும் கிடைக்குமே.

இந்த ஆர்டெரிக்கின் வாழ்க்கையே ஒரு எல்லைக் கதை. 1075ல் வேல்ஸை ஒட்டிய ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் பிறந்தார். தந்தை பிரான்ஸிலிருந்து வந்த பாதிரியார், தாய் ஆங்கிலேயப் பெண். பத்து வயதில் தந்தை அவரைக் கடல் தாண்டி, நார்மண்டியின் தெற்கு எல்லைப்புறத்திலுள்ள சென் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே பேசிய பாஷை ஒரு வார்த்தைகூடப் பையனுக்குப் புரியவில்லை. தந்தையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் தன்னை ஆங்கிலேயன் என்றே சொல்லிக்கொண்டார். நார்மன்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, அவர்களில் பாதி அந்நியராகவே வாழ்ந்த இந்த மனிதர் எழுதி வைத்தது.

ஆர்டெரிக் பிறந்த அந்த மேற்குக் கோடியும் நார்மன்களுடைய இன்னொரு மார்க்காதான். வெற்றிக்குப் பிறகு வில்லியம் வேல்ஸ் எல்லையில் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹெரிஃபோர்டு ஆகிய மூன்று இடங்களில் தன் நம்பிக்கைக்குரியவர்களை உட்கார வைத்தார். அவர்களும் அவர்களைப் பின்பற்றி வந்தவர்களும் மார்ச்சர் பிரபுக்கள் ஆனார்கள். கோட்டை கட்ட மன்னரின் அனுமதி வேண்டாம், போர் தொடுக்க உத்தரவு வேண்டாம், நீதிமன்றமும் சொந்தம். மன்னரின் ஆணை அந்தப் பட்டைக்குள் செல்லாது. எட்டாம் ஹென்றி 1536ல் ஒரு சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

எல்லையில் கோட்டை கட்டினால் போதாது, குடியேற ஆள் வேண்டும். ஹெரிஃபோர்டுக்கு அனுப்பப்பட்ட வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பர்ன், நார்மண்டியின் தெற்கு எல்லைக் கோட்டையான பிரெத்தேயின் பிரபு. அந்த ஊர்ச் சட்டத்தை அப்படியே ஹெரிஃபோர்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய குற்றங்கள் சிலவற்றைத் தவிர மற்ற எதற்கும் 12 பென்னிக்கு மேல் அபராதம் கிடையாது என்பதே அதன் கவர்ச்சி. ஒரு எல்லையில் ஆள் பிடிக்கச் செய்த சலுகை இன்னொரு எல்லைக்கு ஏற்றுமதியாகி, பிறகு வேல்ஸின் வடக்கு வரையிலும், அயர்லாந்துக்கும் போயிற்று.

அங்கே பிறந்த குழந்தைகள் யார்? வேல்ஸ் அரசகுமாரி நெஸ்டின் பேரன், நார்மன் பிரபுவின் மகன், சுமார் 1146ல் பிறந்த ஜெரால்ட் பதில் சொல்லிவிட்டார். வேல்ஸ்காரர்கள் தன்னைப் பிரெஞ்சுக்காரன் என்கிறார்கள், அரசவை தன்னை வேல்ஸ்காரன் என்கிறது என்ற பொருமல் அவருடைய புத்தகங்களில் நிறையவே வருகிறது. செயின்ட் டேவிட்ஸ் ஆயர் பதவிக்கு இரண்டு முறை தேர்வாகியும் அவருக்கு அது கிடைக்கவில்லை. வேல்ஸ் ரத்தம் உள்ள, திறமையும் உள்ள ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க இங்கிலாந்து மன்னர்கள் பயந்தார்கள்.

நார்மன்களின் தெற்குக் கோடியான சிசிலியில் எல்லை இன்னொரு விதம். 1182ல் மன்னர் இரண்டாம் வில்லியம் மொன்ரியாலே மடத்துக்குப் பெரும் நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தபோது, ஊர் ஊராக எல்லை விவரிக்கும் பத்திரம் லத்தீனில் மட்டுமல்ல, அரபியிலும் எழுதப்பட்டது. ஓடை, மலைமுகடு, பாறை, சாலை என்று போகும் அந்த வர்ணனை அரபு மொழியிலிருந்துதான் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிந்தவர்கள் அங்கே வாழ்ந்த முஸ்லிம் குடிகளும், அரபியில் கணக்கு வைத்த திவான் அதிகாரிகளும். வென்றவர்கள் தங்கள் எல்லையைத் தோற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மறுபடி எப்ட் கரைக்கு. இங்கே எல்லையைத் தள்ளிவைக்கப் படையைவிடக் கல்யாணம் மலிவு. 1158ல் ஹென்றியின் மூன்று வயது மகனுக்கும் பிரான்ஸின் ஏழாம் லூயியின் கைக்குழந்தை மார்கரெட்டுக்கும் நிச்சயம் ஆயிற்று. வரதட்சணை, ஜிசோர் உட்பட நார்மன் வெக்ஸான் கோட்டைகள். குழந்தைகள் பெரியவர்களாகிக் கல்யாணம் நடக்கும்வரை கோட்டைகளை டெம்ப்ளர் துறவி வீரர்கள் வைத்திருப்பது என்று ஏற்பாடு. ஹென்றி பத்து வருடம் காத்திருப்பார் என்று லூயி கணக்குப் போட்டார். 1160 நவம்பரில், மாப்பிள்ளைக்கு ஐந்து வயது, பெண்ணுக்கு மூன்றுகூட நிரம்பியிருக்குமா என்ற நிலையில், திருத்தந்தையின் தூதர்களிடம் விசேஷ அனுமதி வாங்கி ஹென்றி கல்யாணத்தை முடித்துவிட்டார். ஒப்பந்தத்தின் எழுத்துப்படி டெம்ப்ளர்கள் சாவியைக் கொடுத்தார்கள். லூயிக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது, சட்டம் இல்லை.

நாற்பது வருடம் கழித்து இன்னொரு கல்யாணம். பிலிப்பின் மகன் லூயிக்கும், இங்கிலாந்து மன்னர் ஜானின் மருமகள் முறையான காஸ்டீல் அரசகுமாரி பிளான்ஷுக்கும் 1200 மே மாதம் திருமணம். இருவருக்கும் வயது பன்னிரண்டு. பிலிப் தன் மனைவி இங்கபோர்கைத் தள்ளிவைத்த குற்றத்துக்காக அப்போது பிரான்ஸ் முழுவதும் சர்ச் தடை அமலில் இருந்தது. அங்கே கல்யாணப் பூசை நடத்த முடியாது. ஆகவே பிரான்ஸின் பட்டத்து இளவரசர் எல்லை தாண்டி, போர் மோர் என்ற நார்மண்டி கிராமத்து சர்ச்சில் தாலி கட்டாத குறையாக மணமுடித்துத் திரும்பினார். இப்படி ஒரு சௌகரியத்துக்காவது எல்லை உதவியது.

ஆனால் அதற்குள் எல்லை கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது. 1193ல் ஹென்றியின் மகன் ரிச்சர்ட் ஜெர்மனியில் சிறையிருந்தபோது ஜிசோர் பிலிப்பின் கைக்குப் போயிற்று. 1196 ஜனவரி ஒப்பந்தத்தில், சேன் கரையிலுள்ள ஆந்தெலி எந்த மன்னருக்கும் சொந்தமில்லை, அங்கே கோட்டை கட்டக் கூடாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மை காய்வதற்குள் ரிச்சர்ட் அங்கே ஷாத்தோ கயார் கோட்டையைத் தொடங்கினார். நிலம் ருவான் பேராயருடையது. அவர் நார்மண்டி முழுவதும் பூசைகளை நிறுத்திப் பார்த்தார். கட்டடம் நிற்கவில்லை. 1196 முதல் 1198 வரை செலவு சுமார் 12,000 பவுண்ட். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தின் எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்து ரிச்சர்ட் செலவிட்டதைவிட இது அதிகம்.

ரிச்சர்ட் 1199ல் இறந்தார். தம்பி ஜானுக்கு எதிராக பிலிப் 1203 இலையுதிர்காலத்தில் கோட்டையை முற்றுகையிட்டார். கீழே ஊரிலிருந்த மக்கள் உயிருக்குப் பயந்து கோட்டைக்குள் ஓடினார்கள். சில வாரங்களில் தளபதி ரோஜர் டி லேசிக்குக் கணக்கு புரிந்துவிட்டது: இத்தனை வாய்களுக்குச் சோறு போட்டால் வீரர்களுக்கு இருக்காது. சண்டை போட முடியாதவர்களை, முதியவர்கள், பெண்கள், குழந்தைகளை, கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார். முதல் இரண்டு கூட்டங்களுக்குப் பிரெஞ்சு வீரர்கள் இரக்கப்பட்டு வழிவிட்டார்கள். விஷயம் தெரிந்த பிலிப், இனி ஒருவரையும் விடக்கூடாது என்றார். உள்ளே பசி இருந்தால்தான் கோட்டை விழும். அடுத்து வந்த நூற்றுக்கணக்கானவர்கள் அம்புகளைப் பார்த்துத் திரும்பி ஓடினார்கள். கோட்டைக் கதவு மூடியிருந்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில், மலைச்சரிவின் குழிகளில், அவர்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பிலிப்பின் அரண்மனைப் பாதிரியார் வில்லியம் முற்றுகையை நேரில் பார்த்தவர். புல்லும் நாயும் தின்றதையும், கோட்டையிலிருந்து தப்பிப் பறந்து வந்த ஒரு கோழியை இறகோடு கிழித்துத் தின்றதையும், அதைவிடக் கொடியதையும் அவர் எழுதியிருக்கிறார். தன் மன்னரைப் புகழ்வதற்கென்றே எழுதிய மனிதர் அவர். கடைசியில் பிலிப் அந்தப் பக்கம் வந்தபோது எஞ்சியவர்கள் கதறினார்கள். சாப்பாடு கொடுத்துப் போகவிட உத்தரவானது. அதுவரை இறந்தவர்கள் எந்த மன்னரின் பிரஜைகள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. முந்தைய தலைமுறையில் அந்தச் சரிவு இரு தரப்பும் வந்து பேசக்கூடிய மார்க்காவாக இருந்திருக்கும். இப்போது அது இரு தரப்பும் கைவிட்ட இடம்.

1204 மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது. ஜூன் 24 அன்று ருவான் சரணடைந்தது. எப்ட் நதி எல்லையாக இருந்த அவசியம் தீர்ந்தது. புதிய எல்லை கடல்.

நிலத்தை இழந்ததைவிடப் பெரிய மாற்றம் அதற்குப் பின் வந்தது. இரு கரைக்கும் சொந்தக்காரர்களாக இருந்தவர்களிடம், ஒரு கரையைத் தேர்ந்தெடு என்றார்கள் இரு மன்னர்களும். பிலிப்பிடம் பணியாதவர்களின் நார்மண்டி நிலம் பறிமுதல். நார்மண்டியில் தங்கியவர்களின் இங்கிலாந்து நிலத்தை ஜான் பறித்துக்கொண்டு, 'நார்மன்களின் நிலங்கள்' என்று தனிப் பட்டியலே போட வைத்தார். இந்தியாவில் 1968ல் வந்த எதிரிச் சொத்துச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. நாடு என்பது மன்னரின் சொத்தாக இருந்த காலத்திலேயே 'அந்தப் பக்கத்து ஆள்' என்ற வகை பிறந்துவிட்டது.

சாமர்த்தியசாலிகள் அவகாசம் வாங்கினார்கள். அன்றைய மிகப் புகழ்பெற்ற வீரர் வில்லியம் மார்ஷலும் லெஸ்டர் பிரபு ராபர்ட்டும் ஆளுக்கு 500 மார்க் வெள்ளி கொடுத்து பிலிப்பிடம் ஒரு வருடம் கேட்டார்கள். அவகாசம் முடிவதற்குள் ராபர்ட் இறந்துவிட்டார். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கஷ்டம் அவருக்கு இல்லை. மார்ஷல் 1205ல் பிலிப்பிடம் போய், 'கடலுக்கு இந்தப் பக்கம்' உங்களுக்கு முழு விசுவாசி என்று பிரமாணம் செய்தார். பிரெஞ்சு மண்ணில் பிரான்ஸ் மன்னரின் ஆள், கப்பலில் ஏறி இறங்கினால் ஜானின் ஆள். பழைய மார்க்கா வழக்கத்தின் கடைசி மூச்சு இது. அதே வருடம் பிலிப்புக்கு எதிராகப் படையெடுக்க ஜான் கூப்பிட்டபோது, என் எஜமானருக்கு எதிராக எப்படி வருவேன் என்று மார்ஷல் மறுத்தார். ஜான் ஆத்திரத்தில் அவர் மூத்த மகனைப் பிணையாக வாங்கிக்கொண்டார். மார்ஷலோ நார்மண்டி நிலத்தைக் கடைசிவரை விடவில்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1244ல் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்திலும் நிலம் வைத்திருந்த தன் பிரபுக்களைக் கூப்பிட்டு, ஒருவன் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று பைபிளைக் காட்டினார். இரு நூற்றாண்டுகள் ஒழுங்காக நடந்த காரியம் திடீரென்று வேதத்துக்கு விரோதமாயிற்று. 1259ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி நார்மண்டி உரிமையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தார்.

ஒரு துண்டு மட்டும் விடுபட்டது. நார்மண்டிக் கரையை ஒட்டியுள்ள ஜெர்சி, கெர்ன்சி முதலான தீவுகள் ஜானிடமே தங்கிவிட்டன. இன்றும் அவை பிரிட்டனின் பகுதி அல்ல. பிரிட்டிஷ் மகுடத்தின் தனிச் சொத்து. அங்கே மன்னரை 'எங்கள் டியூக்' என்று வாழ்த்துகிறார்கள். தன் நிலத்தில் ஒருவர் அத்துமீறினால், சாட்சிகள் முன் மண்டியிட்டு இளவரசரின் உதவியைப் பிரெஞ்சில் மூன்று முறை கூவி அழைத்து, நீதிமன்றம் விசாரிக்கும்வரை வேலையை நிறுத்த வைக்கும் நார்மன் வழக்கமும் சட்டமாக உயிரோடு இருக்கிறது.

தீவுகள் சரி, அவற்றைச் சுற்றியுள்ள பாறைகள் யாருக்கு? மிங்கியே, எக்ரெஹோ என்ற இரண்டு பாறைக் கூட்டங்களுக்காக பிரான்ஸும் பிரிட்டனும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின. கடல் ஏறினால் பெரும்பகுதி மூழ்கிவிடும் இடங்கள். மீனவர் குடில்கள் சில உண்டு. வழக்கறிஞர்கள் 1066லிருந்து ஆரம்பித்தார்கள். ஆதாரங்களில் ஒன்று, தீவுகளின் பிரபு பியேர் டி பிரேயோ 1203ல் எக்ரெஹோவை நார்மண்டி மடாலயம் ஒன்றுக்குத் தானமாக எழுதிய பத்திரம். மறுவருடம் ருவான் நகரத்தை பிலிப்பிடம் ஒப்படைத்த தளபதியும் இதே பியேர்தான். 1953 நவம்பர் 17 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இரண்டையும் பிரிட்டனுக்குக் கொடுத்தார்கள். இடைக்காலச் சம்பவங்களிலிருந்து ஊகிப்பதைவிட, பிற்காலத்தில் அங்கே யார் வீட்டு வரி வசூலித்தார்கள், கரை ஒதுங்கிய பிணங்களுக்கு யார் விசாரணை நடத்தினார்கள், படகுகளை யார் பதிவு செய்தார்கள் என்பதே முக்கியம் என்றார்கள். ஜெர்சியின் குமாஸ்தாக்கள் வழக்கை வென்றார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

பாறைகளின் சொந்தம் தீர்ந்தாலும் மீன் தீரவில்லை. இரு தரப்பு மீனவர்களும் அந்த நீரைப் பகிர்ந்துகொள்ள வெகுகாலமாக இருந்த ஏற்பாட்டை, 2000ல் கையெழுத்தான கிரான்வில் விரிகுடா ஒப்பந்தம் புதுப்பித்தது. ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகியபோது அதுவும் காலாவதி ஆயிற்று. தலைமுறைகளாக அங்கே வலை வீசிய பிரெஞ்சுப் படகுகள் தங்கள் பழைய நடமாட்டத்தை ஆவணத்தோடு நிரூபித்து உரிமம் வாங்க வேண்டும் என்றது ஜெர்சி. அந்தத் தீவுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி பிரான்ஸிலிருந்து கடலடி கேபிளில் வருவதை பாரீஸில் ஒரு அமைச்சர் நினைவுபடுத்தினார். 2021 மே 6 அன்று நார்மண்டியிலிருந்தும் பிரித்தானியிலிருந்தும் சுமார் 60 படகுகள் ஜெர்சியின் செயின்ட் ஹீலியர் துறைமுகத்தை வளைத்து நின்றன. லண்டன் இரண்டு ரோந்துக் கப்பல்களை அனுப்ப, பிரான்ஸும் தன் பங்குக்கு அனுப்பியது. துறைமுகத்தின் வாயிலில் படகுகளில் நின்றபடியே மீனவர்களும் ஜெர்சி அதிகாரிகளும் பேசினார்கள். அன்று பிற்பகலே படகுகள் திரும்பிவிட்டன. உரிமப் பேச்சு மாதக்கணக்கில் நீண்டது.